வலப்பக்கத் தகடு

1975 ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல். முதலாளி பழசாக வாங்கிய இரும்பு பார்ஜ் (சரக்குப் படகு) கரையேறி நிற்கிறது. அதைச் சோதிக்கும் வேலை எனக்கு. சனிக்கிழமை முதல் சரக்கு, வெளிக்கடலில் நிற்கும் கப்பலுக்கு. தண்டலாக, படகின் தலைமை ஆளாக, போவது அத்தான். இத்தனை வருஷமும் மரத்தோணி ஓட்டியவர், இரும்பில் இதுதான் முதல் தடவை. அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

இரண்டு பக்கமும் ஒரே அளவுத் தகடு. தட்டினால் ஒரே மாதிரி அதிர வேண்டும். இடது சரி. வலதில் நொடிக்கு அதிரும் எண்ணிக்கை குறைவு. சீக்கிரம் அடங்கியும் விடுகிறது. அதிர்வு அளக்கும் மீட்டரில் கோளாறில்லை.

பட்டறை ஃபோர்மேன் செல்லையா (இனி செ.): "துருவா இருக்கும் தம்பி. அதான் பெயிண்டு அடிச்சாச்சுல்லா."

பெயிண்டைப் பற்றி நான் கேட்கவேயில்லை. எதையோ மறைக்கிறான்.

ஆகஸ்ட் 20, புதன்

வலது தகட்டில் சாக்பீஸ் கட்டம். கட்டத்துக்குக் கட்டம் மீட்டரின் பிக்கப்பை (அதிர்வை வாங்கும் முனை) ஒட்டித் தட்டிப் பார்ப்பது. வலுவிழந்த இடத்தில் அசைவு மாறும், இடது தகட்டோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். சாயங்காலத்துக்குள் பாதி. பின்மூலை சரியில்லை.

செ. அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கிறான். டீ வேறு வாங்கித் தந்தான். இவன் காசில் யாரும் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

வாங்க: பேட்டரி, பிளேடு, அக்காவுக்கு மக்ரூன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கட்டம் முழுக்க அழிந்திருக்கிறது. வாட்ச்மேன்: "யாரும் வரலியே சார். தண்டல் அண்ணாச்சிதான் தண்ணி ஊத்திக் கழுவிட்டுப் போனாவ." அத்தானைக் கழுவச் சொன்னதே செ.யாக இருக்கும்.

மறுபடி கட்டம். மறுபடி அதே மூலை. சுரண்டினேன். பெயிண்டுக்குக் கீழே தார். தாருக்குக் கீழே பஞ்சு. குங்கிலிய வாசனை. பஞ்சை இழுத்தால் ஒரு முழத்துக்கு விரிசல்.

மரத்தோணியில் பலகை இடுக்கை அடைக்கிற முறை. செ.க்கு வெல்டிங் தவிர எதுவும் தெரியாது. இங்கே மரத்தோணி ஆள் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அத்தானிடம் கேட்டேன். பெருமையாகவே சொன்னார்.

"ஆமா மாப்ள, நான்தான் அடைச்சேன். தோணில இப்படித்தான செய்வோம். ஒரு சொட்டு ஏறாது."

"மரம் ஊறி இறுக்கும் அத்தான். இரும்பு எங்க ஊறும்? பாரம் ஏத்துனா விரிசல் ஓடிரும்."

"அதெல்லாம் ஓடாது. முதலாளிட்ட சொல்லிறாதலே. சனிக்கிழமை போயிட்டு வந்து வெல்டு வச்சுக்கிடலாம்."

"கட்டத்தை ஏன் அழிச்சிய?"

பீடியைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார்.

அவர் உயிரோடு இருக்கட்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பார்ஜின் சனிக்கிழமைப் பயணம் நின்றது. இனித் தண்டலும் வேறு ஆளாம். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

செ. ரேடியோவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான், ரிப்பேர் பார்த்துத் தர முடியுமா என்று. அன்றைக்கு டீ வாங்கித் தந்தது அதற்குத்தான். வெட்கமாக இருந்தது.

பட்டறை வாசலில் அத்தான் யாரிடமோ: "வந்த அன்னையிலேருந்து இவன் என்னையத்தான் நோட்டம் பாத்திருக்கான்."

நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்.

இருட்டுமுன் திரேஸ்புரத்தில் அக்கா வீடு, மக்ரூன் பொட்டலத்தோடு. அக்கா பாதிக் கதவைத் திறந்தாள். பொட்டலத்துக்குக் கை நீட்டவில்லை. "அத்தான் தூங்குதாவ" என்றாள்.

உள்ளே அவர் இருமுவது கேட்டது.