இசைத்தட்டில் வந்த குரல்

அண்ணே,

லண்டனிலிருந்து என் மகன் ஒரு கேசட் அனுப்பியிருக்கிறான். "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்று தொடங்குகிறான். மூக்கால் பேசுவது போல ஒரு குரல். கேசட்டை நிறுத்தி, "இது எப்போ பேசினது?" என்று கேட்டேன். "அதான் நல்லா இருக்கேன்னு சொல்றானேம்மா" என்று மகள் அலுத்துக்கொண்டாள். அவளுக்கு உன்னைத் தெரியாது.

நீ பண்டார் ஹிலிரில் டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தாய். மத்தியானத்தில், காஜா பெராங்கில் நம் வீட்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போன் அடித்து என்னைக் கூப்பிடச் சொல்வாய். வீட்டில் கேட்கிற உன் கனத்த குரல் அதில் வராது. முதல் தடவை யாரோ என்று நினைத்து வைத்துவிட்டேன். சாயங்காலம் வந்து சிரித்தாய். "கம்பியில நெஞ்சுக்குரல் ஏறாது, மூக்குக்குரல்தான் ஏறும். ஆளத் தெரியணும்னா, எங்க நிறுத்தி மூச்சு வாங்குறான்னு கேளு." அம்மா மட்டும் கடைசிவரை போனைத் தொடவில்லை. ஆளில்லாமல் வரும் குரல் வீட்டுக்கு ஆகாது என்பாள்.

ஜப்பான்காரன் காலத்தில் உன்னைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். வருஷம் திரும்பியும் தகவல் இல்லை. ஒருநாள் எல்லாரையும் திடலில் கூட்டி, ஒலிபெருக்கியில் ஓர் இசைத்தட்டைப் போட்டார்கள். பெயர் சொல்லாமல் ஒருவன் பேசினான். "நாங்க சயாம்ல நல்லா இருக்கோம். வேளைக்கு வேளை சோறு கெடைக்குது."

"யாரு பெத்த புள்ளையோ, நம்ம புள்ள இல்ல" என்று அம்மா எழுந்துவிட்டாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். 'சயாம்ல' என்றதும் நிறுத்தி மூச்சு வாங்கியது நீதான். எனக்குத் தெரியாதா? "அண்ணந்தாம்மா. நீ போன்ல கேட்டதே இல்ல, அதான் தெரியல" என்றேன். அம்மா நம்பினாள். அன்றிலிருந்து, அவித்த மரவள்ளியில் உனக்கென்று ஒரு துண்டு எடுத்து மூடி வைப்பாள். காலையில் அதையும் நாங்களே பிட்டுத் தின்போம்.

சண்டை முடிந்தபின், உன்னோடு போன, பக்கத்துத் தெங்கேரா பகுதிக்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து வாசலில் நின்றார். இசைத்தட்டைப் பற்றி நான்தான் கேட்டேன்.

"பேசினது அவன்தான். ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே, எழுதிக் குடுத்துப் பேச வச்சிப் பதிவு பண்ணிட்டாங்க. அப்ப நாங்க சயாமையே பாக்கல. அங்க போன முதல் மழையிலயே காலரா அவனக் கொண்டு போயிருச்சி."

நாங்கள் திடலில் கேட்டபோது நீ இல்லை. அம்மா அழவில்லை. "இவ சொன்னது சரிதான், அவன் குரல்தான்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கும் ஒரு துண்டு எடுத்து மூடி வைத்தாள்.

இப்போது லண்டனுக்குப் போன் போட்டேன். அதிலும் அதே மூக்குக்குரல்தான். "என்னடா சாப்பிட்ட?" என்றேன். "ரொட்டிம்மா" என்றான். அதன் பிறகே கேசட்டை மறுபடி ஓடவிட்டேன். யார் குரலானாலும், கேட்டதற்குப் பதில் வந்தால்தான் ஆள் இருப்பதாக நம்புகிறேன்.

அன்று திடலில் நானும் உன்னிடம் கேட்டேன், "எப்பண்ணே வருவ?" என்று. தட்டு சுற்றி முடித்து நின்றுவிட்டது.