மலர் வரைக்கும் எட்டுற செட்

ஐப்பசி 4, செவ்வாய்

விடியலேருந்து தூறல். நடவுக்குப் பதினோரு பேர் வர்றேன்னாங்க, வந்தது ஏழு. வெத்தலை வாங்கணும். மோட்டார் கொட்டாய்க்குப் புதுப் பூட்டு.

லைசென்ஸ் வந்து இருபது நாள் ஆச்சு. செட் இன்னும் வாங்கல. டவர் இல்லாமலே ஊருக்கு ஊரு பேசற ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ், அஞ்சாங்கிளாசோட நின்னவளுக்கு. தெருவே வாயைப் பிளக்குது. பரீட்சைத்தாள் இங்கிலீஷ்தான். என் மக மலர் (இனிமே ம.) வேதாரண்யம் பக்கம் டீச்சர். அவ தினம் சாயங்காலம் போன்ல கேள்வியைப் படிச்சு அர்த்தம் சொல்லுவா. புஸ்தகத்தை மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தோட முகம் எப்படி இருக்குன்னு பாத்துக்குவேன். பரீட்சையில முகத்தைப் பாத்தே பதில் போட்டேன். அவளும் எழுதினா. என் மார்க்கு ரெண்டு கூட. அவ அதை யாருகிட்டயும் சொல்றதில்ல. நான் சொல்றேன்.

செட் எதுக்குன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. ஏழு வருஷம் முன்னாடி அடிச்ச புயல்ல டவர் சாஞ்சு, கரண்ட் போயி, ம. உசிரோட இருக்காளா இல்லையான்னு அஞ்சு நாள் தெரியாது. அப்போ அவளுக்கு வயித்துல அஞ்சு மாசம். அஞ்சாம் நாள் நிவாரண அரிசி லாரியில தொத்திக்கிட்டுப் போயிக் கண்ணால பாத்தேன். அந்த அஞ்சு நாள் எனக்கு இன்னொரு தரம் வேண்டாம்.

பெரிய மழைக்கு முன்னாடி செட் வீட்டுக்கு வந்தாகணும்.

ஐப்பசி 5, புதன்

கும்பகோணம் போயிட்டு வந்தேன். பஸ்ஸுல பாபநாசம் வரைக்கும் நின்னுக்கிட்டே. டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார், முப்பது வருஷமா ஹாம். அவருகிட்டதான் யோசனை.

"முதல்ல கைசெட் வாங்குங்கம்மா. புதுசா வர்றவங்க எல்லாம் அப்படித்தான்."

"வேதாரண்யம் எட்டுமா?"

"அவ்வளவு தூரம் எட்டாது. பழகிக்கலாம்."

"யாரோட பழகறது?"

"ஏன், என்கூடப் பேசுங்க."

இவரோட பேசவா மெட்ராசுக்குப் போயி பரீட்சை எழுதினேன்? வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். காப்பி வந்தது, சர்க்கரை இல்லாம. என்னை ஒரு வார்த்தை கேக்கல. வயசானா எல்லாருக்கும் சக்கரை வியாதின்னு முடிவு.

அவர் காட்டினது:

கைசெட். இத்துனூண்டு. பத்து மைல் போனாப் பெருசு.

வண்டியில மாட்டற செட். நடுவுல உசரக் கம்பத்துல ஒரு மிஷின் இருந்து வாங்கி அனுப்பணும். புயல்ல அந்தக் கம்பம் நிக்குமான்னேன். "அதை எப்படிம்மா சொல்ல முடியும்"ன்னார். டவர் கதைதான் மறுபடியும். வேண்டாம்.

பெரிய செட். நாப்பது மீட்டர்னு பேரு. நாம பேசறது மேல போயி வானத்துல பட்டு இறங்குமாம். நடுவுல யாரும் வேண்டாம். ம. பள்ளிக்கூடத்துல ஹாம் கிளப்புக்கு இதே சாதி செட் ஒண்ணு இருக்கு. நீளக் கம்பி கட்டணும். "உங்களுக்கு இது கஷ்டம்மா."

எனக்கு எது கஷ்டம்னு இவருக்கு யார் எழுதிக் கொடுத்தா?

ஐப்பசி 7, வெள்ளி

வெயில் தலைகாட்டிச்சு. நெல்லு உலத்திப் போட்டேன். மகன் குமார் போன், சென்னையிலேருந்து.

"அம்மா, நெட்ல ரெண்டு கைசெட் ஆர்டர் போட்டுட்டேன். ஒண்ணு உனக்கு, ஒண்ணு மலருக்கு. நாளைக்கு வந்துடும்."

"நான் கேட்டேனா?"

"அட, சர்ப்ரைஸும்மா."

அந்தப் பக்கம் பொண்டாட்டிகிட்ட சொல்றான், "அவங்களுக்கு இது போதும்." எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

எனக்கு மாப்பிள்ளை பாத்ததுல ஆரம்பிச்சு, மிக்ஸி, மெத்தை, கண்ணாடி பிரேம் வரைக்கும் அடுத்தவங்க எடுத்ததுதான் எனக்கு. கண்ணாடி பிரேம் ஊதா. ஊதா எனக்குப் பிடிக்காதுன்னு பெத்த பிள்ளைக்குத் தெரியாது. இந்த ஒரு சாமானாவது நான் பாத்து எடுக்கலாம்னு இருந்தேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

கைசெட்டோட மாடிக்கு ஏறி வேதாரண்யம் பக்கம் திரும்பி நின்னு கூப்பிட்டேன். கொர்ர்ர். ம.வும் அங்கேருந்து கூப்பிட்டாளாம். அவளுக்கும் கொர்ர்ர். எதுத்த வீட்டு கோமதி, "யாரை அக்கா திட்டறீங்க?"ன்னா.

ம. புருஷன் அருள் போன்ல வந்தார். மீன்பிடி போட் சொந்தமா வச்சிருக்கார்.

"அத்தே, எதுக்கு இவ்வளவு அலைச்சல்? என் போட்ல செட் இருக்கு. அதே மாதிரி ஒண்ணு உங்க வூட்லயும் மாட்டிடலாம்."

"அது கடலுக்குள்ள பேசறதுக்கு. நான் கொல்லையிலேருந்து அதுல பேசினா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவான்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"எங்க வூட்டு டீச்சரே தேவலாம் போல இருக்கே அத்தே!"

சிரிச்சுட்டேன். அவரு பேச்சுக்கு நான் சிரிச்சது இதுதான் மொதல் தடவை. ம.கிட்ட சொல்ல வேண்டாம்.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை. பால்காரன் வரல.

ம. போன். கைசெட்டைத் திருப்பி அனுப்பிடலாமான்னு கேட்டா. ஆரம்பிச்சேன். குமாரைத் திட்டினேன். சாரைத் திட்டினேன். காப்பியையும் சொன்னேன். எப்பவும் சொல்றதைச் சொன்னேன்: "அன்னிக்கு மட்டும் அங்க ஒரு செட் இருந்திருந்தா..."

"இருந்துச்சும்மா."

"என்னது?"

"ரெண்டாம் நாளே எங்க முகாமுக்கு ஹாம் ஆளுங்க வந்துட்டாங்க. பெஞ்சு மேல செட்டை வச்சுக்கிட்டு, யாருக்குச் சேதி சொல்லணும், பேரு ஊரு சொல்லுங்கன்னு ஒவ்வொருத்தரா எழுதிக்கிட்டாங்க. நானும் வரிசையில நின்னேன்."

"நின்னு?"

"என் முறை வந்துச்சு. எனக்கு யாரும் இல்லேன்னுட்டேன்."

மழைச் சத்தம் ரெண்டு பக்கமும். "அம்மா? அம்மா, இருக்கியா?"ன்னா. போனை வச்சுட்டேன்.

அதுக்கு எட்டு மாசம் முன்னாடிதான் அவ கல்யாணம். நாங்க பாக்காத மாப்பிள்ளை, கடலோரத்துக்காரர். நான் போகல. ஆறு தரம் போன் பண்ணினா. எடுக்கல. ஆறும் எந்தெந்தக் கிழமைன்னு இன்னிக்கும் சொல்லுவேன். ஏழாவது அவ பண்ணல.

ஐப்பசி 17, திங்கள்

ஆறு நாளா எழுதல. வயலுக்குப் பிரியற கன்னி வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அடைச்சுக்கிச்சு. பள்ளத்து வயல் நடவு முங்கிக் கிடக்கு. முழங்கால் வலி.

யாரும் இல்லையாம்.

அந்த அஞ்சு நாள்ல நான் தின்னது மொத்தமா ரெண்டு வேளை. டிராக்டர் வச்சிருக்கற தட்சிணாமூர்த்தி அந்த பேட்டரியில தெருவுக்கே போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தான், என்னைக் கடைசியில நிறுத்தி வச்சான். அதையும் நின்னு வாங்கினேன். அடிக்காத போனை மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இவ அங்க வரிசையில நின்னு யாரும் இல்லேன்னிருக்கா.

நான் எடுக்காத போனும் அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். எழுதிட்டு அடிச்சுடலாம்னு பாத்தேன். கிடக்கட்டும்.

சாயங்காலம் கும்பகோணம் சார் போன். திருப்பனந்தாள்ல ஒருத்தர் பழைய பெரிய செட்டைக் கொடுக்கறாராம். இன்னொரு ஆளும் கேக்கறாராம். "நாளைக்குள்ள சொல்லிடுங்கம்மா. இல்லேன்னா கைசெட்டையே வச்சுப் பழகுங்க, ஒண்ணும் அவசரமில்ல."

செட் இருந்தும் கூப்பிடாதவளுக்கு நான் எதுக்கு செட் வாங்கணும்? அரிசி களைஞ்சுக்கிட்டே யோசிச்சேன். ரெண்டு தரம் களைஞ்ச அரிசியை மூணாந்தரமும் களைஞ்சேன்.

அன்னிக்கு அவ பக்கம் செட் இருந்துச்சு. என் பக்கம்தான் இல்ல. இருந்திருந்தா நான் கூப்பிட்டிருப்பேன். எடுத்திருப்பாளோ மாட்டாளோ.

சாருக்குப் போன் போட்டேன். "நான் வந்து பாக்கற வரைக்கும் யாருக்கும் கொடுக்கக் கூடாது."

ஐப்பசி 18, செவ்வாய்

திருப்பனந்தாள். சாரும் வந்திருந்தார். செட்டு கருப்பு, தூக்கினா பித்தளைக் குடம் கனம். குமிழெல்லாம் பெருசு பெருசா. கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணாத் திருகிப் பாத்தேன். கை கண்டுபிடிச்சுக்குது.

விக்கிறவர், "புது மாடல்ல கலர் டிஸ்ப்ளே எல்லாம் வருதும்மா"ன்னார். கலர் பாக்கற கண்ணா இது?

சார் கேட்டார், "எத்தனை வாட்டுன்னு கேக்கவே இல்லையே?"

"எனக்கு எவ்வளவுக்கு அனுமதின்னு எனக்குத் தெரியும். அந்த அளவுல வச்சுக்குவேன். புயலப்போ பதினெட்டு நாள் கரண்ட் இல்ல. இது எதுல ஓடும்?"

"பன்னெண்டு வோல்ட்டு. கார், டிராக்டர் பேட்டரி எதுலயும்."

"எனக்குன்னு ஒரு பேட்டரி தனியா வேணும். எவன் வாசல்லயும் நிக்க மாட்டேன்."

"முப்பது வருஷத்துல யாரும் இந்தக் கேள்வியில ஆரம்பிச்சதில்லம்மா"ன்னார் சார்.

எடுத்தாச்சு. நான் பாத்து எடுத்தது. மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல வந்தேன். கண்டக்டர் லக்கேஜ்ங்கறான். சண்டை.

ஐப்பசி 23, ஞாயிறு

மழை வெறிச்சது. கம்பி கட்டியாச்சு. மொத்தம் அறுபத்தாறு அடி, நடுவுல வெட்டி ரெண்டா. டேப்பு கிடைக்கல, முழம் போட்டேன். பக்கத்துக்கு இருபத்திரண்டு முழம். சார் வந்து டேப்பு வச்சுப் பாத்தார். ரெண்டு விரக்கடை கூட. வெட்டினார். சிரிப்பை அடக்கிக்கிட்டிருந்தவர் முகம் மாறிப்போச்சு. கிழக்கே தென்னை, மேக்கே மூங்கில். மூங்கில் சாஞ்சா நானே நட்டுக்குவேன்.

"அந்தப் பக்கம் யாரு, எந்த நேரம்? ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு உக்காந்தாத்தான். அதைப் பேசி வச்சாச்சா?"ன்னார்.

பேசல. பதினொண்ணாந்தேதிக்கு அப்புறம் அவளும் கூப்பிடல, நானும் கூப்பிடல.

"இன்னொண்ணும்மா, இதுல பேசறதை நாடே கேக்கும். குடும்ப விவகாரம் வேண்டாம்."

"அந்தக் கேள்விக்கும் மார்க் வாங்கியிருக்கேன்."

அருளுக்குப் போன் போட்டேன். புதன், காலை எட்டேகால், பள்ளிக்கூட செட்டுல. அவகிட்ட சொல்லுங்கன்னேன்.

"நீங்களே சொல்லுங்களேன் அத்தே."

"நீங்க சொல்லுங்க."

"சரியாப் போச்சு. அவளும் என்னைத்தான் தூது வுடறா. நான் கடலுக்குப் போறதா, இதைப் பாக்கறதா?"

ஐப்பசி 26, புதன்

அடைமழை. ஆறு மணிக்கே குளிச்சு உக்காந்துட்டேன். எட்டேகால். லைசென்ஸ்ல எனக்குன்னு கொடுத்த அழைப்புக்குறியைச் சொன்னேன். கொர்ர்ர். மறுபடி சொன்னேன். நாலாந்தரம் சொல்லிட்டுக் காதைக் கிட்ட கொண்டுபோனேன்.

"கேக்குதும்மா."

பக்கத்து ரூம்லேருந்து பேசற மாதிரி. ஏழு வருஷமா மனசுல அடுக்கி வச்சிருந்தது அவ்வளவும் தொண்டைக்கு வந்துச்சு. நாடே கேக்குது.

"சாப்பிட்டியா?"

"இட்லி. நீ?"

"ஆச்சு. பேத்தி?"

"என்கூட வந்துட்டா, கிளாசுல உக்காந்திருக்கா. மழை உண்டா அங்க?"

"ஊத்துது. அங்க?"

"இங்கயும்."

அப்புறம் அவளே, "அம்மா, அன்னிக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா..."

அவ நிறுத்தினதும் பேசற பொத்தானை அமுக்கினேன். "ஊரு உலகமே கேக்குதுடி. சனிக்கிழமை கிளம்பி வா. வந்து சொல்லு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா."

ஏழு வருஷத்துல அவர் இந்த வாசப்படி மிதிச்சதில்ல. நான் வான்னு சொன்னதில்ல.

செட்டு நின்னுபோச்சோன்னு குமிழைப் பாத்தேன். அப்போ யாரோ ஒரு ஆம்பளைக் குரல், திண்டுக்கல்லாம்: "அம்மா, உங்க குரல் ரொம்பத் தெளிவா வருது. சனிக்கிழமை சாப்பாட்டுக்கு எங்களுக்கும் அழைப்பு உண்டா?"

ம. சிரிக்கறது கேட்டுச்சு. அழுதுக்கிட்டே சிரிக்கறா. எனக்குத் தெரியாதா.

சனிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள். மீன் வேண்டாம், அங்கயே தினம் திங்கறாங்க. கோமதிகிட்ட நாட்டுக்கோழிக்குச் சொல்லி வைக்கணும்.