நீராட்டக் கூடாத வெள்ளி

நலம் பெருகுக. ஏழ்குன்றமும் ஒரு குடைக்கீழ் ஆண்டருளும் கோப்பெருஞ்சாத்தர் திருவாய்மொழிந்தருள, ஓலைநாயகன் காரி எழுதியது. கடற்கோட்டைக் காவலர், ஏனாதி நன்னாகனார் காண்க. உம் கொற்றமும் குடிகளும் வாழ்க. வாழ்த்தை விரிக்க நேரமில்லை. நட்புநாட்டார் தரும் உலோகத்தை நீராட்டிய பின்பே கைக்கொள்வது நம் மரபாதலின், எண்ணெய்க்குடம் ஏதும் வந்திருந்தால் அதைக் குளத்தருகே கொண்டுபோகாமல் முதலில் இவ்வோலையை முழுதும் படிக்க.

மேலைக்கரை அரசன் உதிரன் சமாதானம் பேசி, எண்ணெய்க்குடத்தில் வெண்ணிறக் கட்டிகளை அனுப்பினான். உயர்குல வெள்ளி என்றான் தூதன். உம் இல்லாளும் அரண்மனை உலோகத் தேர்வாளருமாகிய எயினியாருக்கு அப்போதே பொறி தட்டியது. வெள்ளிக்கு எண்ணெயில் என்ன வேலை? ஒரு கட்டியைத் துடைத்துக் கத்தி வைத்தார், வெண்ணெயாய் அறுந்தது. பளபளத்த வெட்டுவாய் கண்ணெதிரே மங்கியது. கடுகளவு கிள்ளி மஞ்சள்நீர்க் கிண்ணத்தில் இட்டார். அது மிதந்து, சீறி, ஊதாச் சுடராய் ஓடித் தீர்ந்தது. மஞ்சள்நீர் இரத்தமாய்ச் சிவந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமன்றோ! கறியுப்பிலிருந்து பிரிக்கும் உலோகத்துக்கும் இதே குணம். அதன் சுடர் மட்டும் மஞ்சள். ஆகவே இரண்டும் ஒரே குலம், தன்னிடமுள்ள ஒன்றை நீருக்கு ஈந்துவிட்டு நெருப்பாய்ச் சீறும் முதற்குலம் என்று கூவியபடி எயினியார் குளத்துக்கு ஓடினார்.

ஐயோ, ஓடியும் என்ன பயன்! இடுப்பளவு நீரில் நின்ற அரசரின் இளவல் கண்டனார், வெள்ளியைக் கண்டும் அச்சமோ என்று நகைத்து, எண்ணெய் வடித்த கட்டிகளை மொத்தமாய்க் கவிழ்த்தார். குளமே வெடித்தது. படிக்கற்கள் பிளந்தன. இளவலின் உடலைத் தலையின்றியே எடுத்தோம். நீரில் விழுந்தவர்களின் தோல், கட்டிகள் கரைந்த காரநீரில் உரிந்தது. எயினியார் பாய்ந்து இருவரை இழுத்துக் கரைசேர்த்தார்.

தப்பியோடிய தூதனை மக்கள் வாயிலிலேயே வெட்டிச் சாய்த்தனர். பாவி, சாகும்போதும் சிரித்தான். இணைக்குடம் கடற்கோட்டைக்குப் போயிருக்கிறது, பின்னாலேயே எம் மரக்கலங்களும் வரும் என்றான்.

ஆதலின் அரசாணை: குடத்தை நீர் தீண்டலாகாது, எண்ணெய் வற்றலாகாது. உதிரனின் மரக்கலங்கள் உம் துறையை நெருங்கும்போது, நம் மரபு வழுவாமல், கவண்பொறியால் கட்டிகளை அவற்றின் நடுவே எறிந்து கடலில் நீராட்டுக. ஒருவனும் கரையேறலாகாது.

எயினியார் சொல்லியனுப்பியதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறேன்: “அவருக்குச் சடங்குன்னா கண்ணு தெரியாது. குடத்த நனைச்சாரோ, வெடிக்குத் தப்பிச்சாலும் எனக்குத் தப்பமாட்டாரு. அடிக்க ஒத்தக் கை போதும்.”

அரசமுத்திரை, அரசர் பணிக்க, எயினியாரின் இடக்கையால் இடப்பட்டது. வலக்கையைக் குளம் கொண்டுபோயிற்று.