அம்மா உயிரோடிருக்கும் பயணக் கதைகள்

ஜூன் 8

என் சுண்டுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனை முதலில் வைத்தது நீயா நானா என்று அப்பா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். உனக்குப் பின்னால் வரிசையில் நின்ற விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் நம் சண்டையைக் கேட்டிருப்பார்கள். இனி இந்த விஷயத்தை எழுத்தில் வைத்துக்கொள்வோம். எழுத்தில் கத்த முடியாது. நம் இரண்டு பேருக்கும் அதுதான் நல்லது.

முதலில் வேலை. எங்கள் நூலகத்தில் உன் வயதுப் பிள்ளைகளுக்காகப் பயண சாகசக் கதைகளுக்கென்றே ஒரு தனி அலமாரி வைக்கப்போகிறோம். எதையெல்லாம் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. குழுவில் என்னோடு தலைமை நூலகரும், வாசகர்கள் சார்பில் ஒரு பல் டாக்டரும் இருக்கிறார்கள். டாக்டர் அட்டைப் படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார். எனக்கு உன் வயதில் படிக்கிற ஆள் வேண்டும். மாதிரிப் பிரதிகளுக்கு எண் போட்டுப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்றெல்லாம் எழுதாதே. முதன்முதலாக எந்தப் பக்கத்தில் மூடி வைத்தாய், ஏன் மூடினாய், அதை மட்டும் எழுது. சாப்பாட்டு மணி அடித்து மூடியதும் கொட்டாவி விட்டு மூடியதும் ஒன்றல்ல.

இனி சண்டை விஷயம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போகிற அந்தச் சைக்கிள் பயணம் வேண்டாம். ஐந்து நாள், அதுவும் மலைச்சரிவில், இளைப்பு இருக்கிற பிள்ளை. போன தடவை மூச்சு முட்டி உன் உதடு நீலமாகிப் போனதைப் பார்த்தவள் நான். உன் பி.டி. மிஸ் பார்க்கவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடு.

அம்மா


ஜூன் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன். இனி புத்தகங்கள்.

எண் ஒன்று: பக்கம் 9. கப்பல் கிளம்பவே இல்லை, கப்பலின் பாகங்களுக்குப் பேர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எண் நான்கு: பக்கம் 112, சாப்பாட்டு மணி. தட்டையும் புத்தகத்தையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. எண் ஐந்து: பக்கம் 3. பாலைவனத்தில் தொலைந்துபோன பையன் ஒழுக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறான். தாகம் எடுத்தவன் அப்படிப் பேச மாட்டான் அம்மா. பதினொன்றை நான் மூடவே இல்லை. என் அறைத் தோழி பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மற்றவற்றைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம் கவனித்தாயா? எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்திலேயே அம்மா மண்டையைப் போட்டுவிடுகிறாள். இல்லாவிட்டால் படுத்த படுக்கை. எண் ஒன்பதில் மட்டும் உயிரோடு இருக்கிறாள், அதுவும் வெளியூரில். என் தோழியிடம் சொன்னதற்கு, "அம்மா இருந்தா கதை எப்படிடி நகரும்? ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியான்னு கேட்டே வாசல்ல நிறுத்திருவாங்க" என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

பார்சலில் ஆறுக்குப் பிறகு எட்டு இருக்கிறது. ஏழு எங்கே?

நான் தினமும் சாயங்காலம் மைதானத்தைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டிப் பழகுகிறேன். விடுதி டாக்டர் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்ஹேலர் கையிலேயே இருக்கும், பின்னாலேயே வேன் வரும். ஜூலை ஐந்துக்குள் வீட்டிலிருந்து சம்மதக் கையெழுத்து வேண்டும். 'ஆசையாக இருக்கிறது' என்று எழுதினால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பாய். அதனால் 'போக வேண்டும்' என்று எழுதுகிறேன்.

சுண்டு
(இப்போது உன்னைவிட அரை அங்குலம் உயரம்)


ஜூன் 20

என் உயரமான சுண்டுவுக்கு,

நீ அம்மாக்களைப் பற்றி எழுதியதைக் குழுவில் படித்துக் காட்டினேன். பல் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அட, ஆமாங்க! நான் சின்ன வயசுல படிச்சதுலயும் அம்மான்னு ஒருத்தரே கிடையாது. இத்தனை வருஷமா எனக்கு உறைக்கவே இல்லையே!" என்றார். அங்கேயே முடிவு செய்தேன். அம்மா உயிரோடு இருக்க வேண்டும், பிள்ளையும் கிளம்பிப் போக வேண்டும். அப்படிப்பட்ட கதைகள் கிடைக்காமல் இந்த அலமாரி திறக்காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறேன். ஒரு பதிப்பகத்துக்குப் போன் செய்து கேட்டேன். அந்த மனிதர் என்னை இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்தார். அப்புறம், "மேடம், உங்களுக்கு அம்மா வேணுமா, சாகசம் வேணுமா?" என்றார். இரண்டும் வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

ஏழாம் எண் தையல் விட்டிருந்தது, அதனால் அனுப்பவில்லை.

சைக்கிள் விஷயத்தில் ஒற்றைக் காலில் நிற்காதே. மைதானம் வேறு, மலைச்சரிவு வேறு. அப்பாவைப் பிடித்துத் தொங்கலாம் என்றும் நினைக்காதே. எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற மனிதர் அவர். எனக்குக் கோபம் இல்லை. பயம்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அம்மா


ஜூன் 25

அம்மாவுக்கு,

நான் கேட்காமலேயே அப்பா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். கூடவே, 'அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்' என்று ஒரு சீட்டு. பாவம், பேசியிருக்க மாட்டார்.

அந்தத் தாள் என் பெட்டியில் இருக்கிறது. மிஸ்ஸிடம் கொடுத்தால் இன்றைக்கே என் பேர் சேர்ந்துவிடும். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால், அந்தக் கதைகளில் செய்கிற மாதிரி முதல் அத்தியாயத்திலேயே உன்னைத் தீர்த்துக்கட்டிவிட்டு நான் கிளம்பியதாக ஆகும். எனக்கு அப்படிப் போக வேண்டாம். நீ இருக்க வேண்டும். திட்டிக்கொண்டாவது, அழுதுகொண்டாவது இருக்க வேண்டும். நீ 'போ' என்று சொல்லி நான் போக வேண்டும். சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பேன், ஆனால் கேட்பதை நிறுத்த மாட்டேன். அடுத்த வருஷமும் கேட்பேன், அதற்கு அடுத்த வருஷமும் கேட்பேன்.

இன்னொன்று. தையல் விட்டது என்று நீ ஒரு புத்தகத்தையும் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. கோந்து போட்டு, மேலே அம்மிக்கல் கனத்துக்கு ஒரு அகராதியை வைத்து, மறுநாள் கையில் கொடுப்பாய். ஏழில் சைக்கிள் வருகிறதா?

சுண்டு


ஜூலை 1

என் கண்ணே,

வருகிறது.

பதின்மூன்று வயதுப் பெண். உன்னைப் போலவே இளைப்பு. ஆற்றங்கரை வழியாகக் கடல் வரைக்கும் சைக்கிளில் போகிறாள். அவள் அம்மா துணி தைக்கிறவள், நன்றாக உயிரோடு இருக்கிறாள். மருந்து வைத்துக்கொள்ள மகளின் சட்டைக்குள் ஒரு பை தைத்துக் கொடுத்து அனுப்புகிறாள். நம் வழக்கப்படியே சொல்கிறேன்: நான் மூடிய பக்கம் 31. காரணம் பயம். மூடிவிட்டு, 'ஆபத்தான முன்மாதிரி, பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல' என்று எழுதி ஒதுக்கிவிட்டேன். டாக்டர் அட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். அதோடு முடிந்தது. ஊரெல்லாம் போன் போட்டு எதைத் தேடினேனோ, அது என் மேஜைக்கு அடியில் கிடந்தது. என் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதற்காக ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதை இல்லை என்று ஆக்கியிருக்கிறேன். உன்னிடம் பொய்யும் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து முழுதும் படித்தேன். இன்றைய கூட்டத்தில் அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இதை நீங்கதானே வேணாம்னீங்க?" என்றார் தலைமை நூலகர்.

"ஆமாங்க. அன்னிக்கு நூலகராப் பேசலை, அம்மாவாப் பேசிட்டேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் அம்மாதான். ஆனா இப்ப கடைசி வரைக்கும் படிச்சுட்டேன்."

அவர் லேசில் விடவில்லை. முடிந்துபோன தீர்மானத்தைத் திறந்தால் நாளைக்கு ஆளாளுக்குத் திறப்பார்கள் என்றார். இந்தப் புத்தகம் இல்லாத பட்டியலில் என் கையெழுத்து இருக்காது என்று சொல்லிவிட்டு, நகராமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர்தான், "பல்லைக்கூட இவ்வளவு பிடிவாதமா நான் பிடுங்குனதில்லீங்க, வாங்கிடுங்க" என்று முடித்து வைத்தார். மூன்று பிரதிகள் வாங்குகிறோம்.

உன் பயணத்துக்குச் சம்மதம் என்று நானும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நாலு தடவை பேனாவை எடுத்து எடுத்துப் போட்டதில் யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது. மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்யச் சொல். எனக்கு ஒன்றும் திடீரென்று தைரியம் வந்துவிடவில்லை. நெஞ்சு இறுகினால் ரோஷம் பார்க்காமல் வேனில் ஏறிவிடு. எனக்கு நல்ல சேதி மட்டும் பொறுக்கி எழுதாதே.

போய் வா.

அம்மா


ஜூலை 20

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்றாம் நாள். வழியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு முதலில் வேறொரு கடிதம் எழுதினேன். பாலம், பனிமூட்டம், வழியெல்லாம் பாட்டு, எல்லாம் அதில் இருந்தது. எல்லாம் நிஜம்தான். ஆனாலும் கிழித்துவிட்டேன்.

இன்று மத்தியானம் பெரிய ஏற்றத்தில் எனக்கு இளைப்பு வந்தது. லேசாக இல்லை, நன்றாகவே வந்தது. மிஸ் நிறுத்தி இன்ஹேலர் கொடுத்து வேனில் உட்கார வைத்தார். கண்ணாடியில் உதட்டைப் பார்த்துக்கொண்டேன், நீலமாகவில்லை. மற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறிப் போனதைப் பார்த்து அழுதேன். "மேல வரைக்கும் வேன்லயே வந்துடறியாம்மா? யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றார் மிஸ். மூச்சு சீரானதும் இறங்கிவிட்டேன். ஓட்ட முடியவில்லை, மிச்ச ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். இந்த ஊரில் இருக்கிற டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலைல மறுபடி பார்த்துட்டு அனுப்பறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

என் தோழி, "இதைப் போய் எழுதாதடி, அடுத்த வருஷம் வாசலைத் தாண்ட விட மாட்டாங்க" என்கிறாள். விட மாட்டாய் என்று எனக்கும் பயம்தான். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இதைப் படிக்கிறபோது நடுவில் ஒருதரம் மூடி வைப்பாய், தெரியும். நீ பயந்துகொண்டே இரு அம்மா. நான் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன்.

உன் சுண்டு