சுவரில் பத்துக் கோடு

அக்கா,

நீர்த்த சுண்ணாம்பின் வாசனை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. பொங்கலுக்கு உன் மகன் திருப்பூரிலிருந்து வருகிறான் என்று, நேற்று உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தேன். கட்டிலை நகர்த்திய அவர், "இன்னாம்மா இது, சொவத்துல யாரோ கரியால கோடு போட்டுக்கீறாங்க. சொரண்டிடட்டா?" என்றார். எட்டிப் பார்த்த நான் கோடுகளை எண்ணத் தொடங்கினேன்.

உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆழ்துளைப் போரை, தண்ணீர் இல்லையென்று நம் மாமனார் குழாயின் வாயில் கம்பிவலை கட்டி விட்டுவிட்டார். கல்வராயன் மலையில் இரண்டு நாள் அடைமழை பிடித்தால் அதற்கு உயிர் வந்துவிடும். குழாய் உறுமும், காற்றைத் தள்ளும், பிறகு தென்னை உயரத்துக்குத் தண்ணீரைப் பீச்சும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். முதல் மழைக்கு நாம் இருவரும் பயந்து ஓடினோம். அடுத்த மழைக்கு நீதான் சொன்னாய்: "எப்ப வருது, எப்ப அடங்குதுன்னு எழுதி வெய்டி. நீதான் அஞ்சாவது படிச்சவளாச்சே."

அன்றிலிருந்து குழாயில் கை வைத்துப் பார்ப்பது உன் வேலை, நோட்டு என் வேலை. "வருதுடி" என்பாய், நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். எழும்பிய நேரம், அடங்கிய நேரம், உயரம் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தேன். உயரத்துக்கு அளவு உன் தென்னைதான்: பாதி மரம், முக்கால் மரம், மட்டைக்கு மேலே. "ஓரகத்திங்கன்னா சண்ட போட்டுக்கும். இதுங்க போருக்குக் காவல் காத்துக்கினு கீதுங்க" என்று தெருவே சிரித்தது. எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு உன் பதில் ஒன்றுதான்: "அது வருது, நாங்க பாக்கறோம். ஒனக்கு இன்னா?"

போன ஐப்பசியில் நீ படுத்துவிட்டாய். நான் தினமும் வந்து பார்த்து எழுதி, உன் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். பேத்திக்கு நர்சு வேலை கிடைத்த வாரம் மூன்று நாள் வரவில்லை. சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் பெருமையை விட்டு எனக்கு எழுந்து வர மனமில்லை. நான்காம் நாள் நோட்டைத் திறந்தால் கட்டங்கள் காலி. காலிக் கட்டம் எனக்குப் பொறுக்காது. நாளுக்கு மூன்று தடவை என்று, நேரமும் உயரமும் தோன்றியபடி எழுதி, உன்னிடம் வந்து கணீரென்று வாசித்தேன்.

"எப்ப வந்து பாத்த? ஒன் சத்தமே காணோமே."

"வாய்க்கா பக்கமா வந்துட்டுப் போயிட்டங்கா. தூங்கறவள எதுக்கு எழுப்பறதுன்னு."

"செரிடி. படிச்சவ எழுதினா செரியாத்தான் இருக்கும்."

அதை மெச்சுதல் என்றே எடுத்துக்கொண்டேன். உன் விரலெல்லாம் கரி. கேட்டதற்கு, "தணல் சட்டியக் கெளறினேன்" என்றாய். நான் பேத்தியின் வெள்ளை உடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன். அதற்கு எட்டாம் நாள் நீ போய்விட்டாய்.

சுவரில் முதலில் நாலு கோடு. கொஞ்சம் தள்ளி ஆறு. அதற்கப்புறம் ஒரு சுழி. கைநாட்டு வைத்தே காலம் தள்ளியவள், எழுந்து உட்காரத் தெம்பில்லாமல், நான் வராத மூன்று நாளும் உறுமலைக் கேட்டுக் கேட்டு எனக்காகப் போட்டு வைத்திருக்கிறாய். மூன்றாம் நாள் போர் ஒருமுறைகூட எழும்பவில்லை. அந்த நாளுக்கும் நான் மூன்று வாசித்தேன். அதில் ஒன்று மட்டைக்கு மேலே என்று வேறு. நீ தலையாட்டிக் கேட்டாய்.

ஏன் அக்கா சும்மா இருந்தாய்? குழம்பில் உப்பு கம்மியானால் தெருவுக்கே கேட்கத் திட்டுகிறவள் ஆயிற்றே. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் உன் காலைப் பிடித்திருப்பேன். இப்போது யார் காலைப் பிடிப்பது?

அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன். "பாக்க நல்லா இருக்காதும்மா" என்றார் வெள்ளையடிக்க வந்தவர். இருக்கட்டும் என்றேன். நோட்டை எடுத்து என் ஒன்பதையும் அடித்துவிட்டு நாலு, ஆறு, சுழி என்று எழுதினேன். நேரத்துக்கும் உயரத்துக்கும் போட்ட கட்டங்களைக் காலியாகவே விட்டேன்.

மார்கழியிலும் மலையில் மழை விடவில்லை. நேற்று உன் கட்டிலிலேயே படுத்துக்கொண்டேன். விடியற்காலையில் குழாய் உறுமியது. முட்டிவலியோடு எழுந்து போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டது. தென்னை மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நோட்டில் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில், 'பார்க்கவில்லை, கேட்டேன்' என்று எழுதினேன்.