நெய்செரின் தோளில் இருந்த குரங்கு

லிமா, செவ்வாய்க்கிழமை

அம்மாவுக்கு ஏதித் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? வாசலில் ஆற்றுவெள்ளம் வடிந்ததா? நான் நலம். ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் வேலை நன்றாகவே போகிறது.

நேற்று ஒரு வேடிக்கை. ஆய்வாளர் எவரிஸ்தோ அண்ணன் கூப்பிட்டார். "ஏ ஆத்து ஆமை, இங்க வா!" காட்டுப்பக்கத்துக்காரி என்பதால் எனக்கு இங்கே அதுதான் பெயர். "உங்க ஊருல ராத்திரி முழிக்கிற குரங்கு இருக்குல்ல? எய்ட்ஸ் கிருமி அதோட உயிரணுவுக்குள்ள நுழைஞ்சா, அங்க இருக்கிற ஒரு புரதம் கப்புனு புடிச்சு கிருமியோட கூட்டையே உடைச்சிடுதாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, பாத்தியா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தம்பி நெய்செரின் தோளிலேயே கிடந்ததே, அதே குரங்குதான் அம்மா. அதுதான் அவனுக்கு இந்த எய்ட்ஸ் நோயைக் கொடுத்தது என்று நினைத்து அக்கரையில் கொண்டுபோய் விட்டோம். சாகும்வரை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். உங்கள்மேல் தப்பில்லை. நமக்கு யார் சொன்னார்கள்?

யாராவது வந்தால் மரவள்ளி மாவு கொடுத்தனுப்புங்கள். இங்கே சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

வேலைக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது. தம்பியின் படத்தையும் அனுப்புங்கள். அதிலிருந்து குரங்கைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தீர்களே, அந்தத் துண்டு இருந்தால் அதையும் வையுங்கள். அவன் தோளில் ஒட்டிவிடுகிறேன்.

உங்கள் ஏதித்