தோணிப் பலகையில் ஒரு வாங்கு

என் மகளுக்கு ஸலாம்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு உன் மாப்பிள்ளை வந்தார். பழைய தோணியைப் பிரித்தெடுத்த பலகைகளால் முற்றத்தில் போட்டு உட்கார ஒரு வாங்கு அடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க அவள்? சொல்லுங்க மாமி!"

"சொல்ல ஏலா."

அரைவாசியில் நின்ற வாங்கை உதைத்து உடைத்தார். நீ ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாததை, என் கழுத்தைப் பிடித்து அவரே காட்டித் தந்தார். கையிலிருந்த சுத்தியலால் அவருடைய முழங்காலில் அடித்தேன். எலும்பு நொறுங்கியது. விழுந்த பிறகும் அடித்தேன்.

"விழுந்த ஆளுக்கு ஏன் அடிச்ச நீங்க?" என்று பொலிஸார் கேட்டார்கள்.

"எழும்பினா என்ட புள்ளயத் தேடிப் போவான்" என்றேன்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நாளை என்னைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள்.

அழாதே. இன்றைக்கு வெளியே போய் வெயிலில் கொஞ்சம் நட.

உன் உம்மா